பிரேக் மிதித்தால் பின்பக்கம் உதறுகிறது: ஷூ மாற்றி, டிரம் கடைந்தும் போகவில்லை

பழைய_சாவி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1999 மாடல் சின்ன கார். முன்சக்கர இழுவை, பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. அப்பா ஓட்டிய வண்டி, கொடுக்க மனசு வரவில்லை, இன்னும் பத்து வருஷமாவது நல்லபடியாக ஓட்ட வேண்டும் என்று இருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மெதுவாக மிதித்தால் பின்பக்கம் உதறுகிறது. ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. சீட்டுக்கு அடியில்தான் தடதடவென்று வருகிறது, பின்சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் அதிகம். பெடலும் காலடியில் லேசாகத் துடிக்கிறது. வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமாகி, 15-க்குக் கீழே வந்ததும் தொம், தொம், தொம் என்று ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருக்கிறது. காலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது.

இதுவரை செய்தது: முன் டிஸ்க்கும் பேடும் புதுசு. நான்கு சக்கரமும் பேலன்சிங் பார்த்தாயிற்று. ஏழு மாதத்துக்கு முன்னால் பின் ஷூ செட் (டிரம்முக்குள் விரிந்து உரசிப் பிடிக்கும் கட்டைகள்) மாற்றி, இரண்டு டிரம்மையும் லேத்தில் கடைந்து போட்டார்கள். போட்ட புதிதில் அருமையாக நின்றது. நானூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டது. வேலை செய்த இடத்திலேயே போய்க் கேட்டேன், இடது டிரம்மைக் கழற்றி அளந்து காட்டி ‘வட்டம் சரியாகத்தான் இருக்கிறது, டயரைப் பாருங்கள்’ என்கிறார்கள். டயர் என்றால் பிரேக் மிதிக்காதபோதும் உதற வேண்டாமா?

புது டிரம் வாங்கிவிடலாமா, இல்லை வேறு ஏதாவது இருக்குமா? நானே கழற்றிப் பார்க்கத் தயார். முன் பேடை நான்தான் மாற்றினேன், பின்பக்கம் மட்டும் இதுவரை கைவைத்ததில்லை.

நேர்_கோடு:

ஒரு முறை கடைந்த பழைய டிரம், அதையே மறுபடி நோண்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் புது டிரம், புது ஷூ போடுங்கள். எனக்கு இதே மாதிரி வந்து, டிரம் மாற்றியதும் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கிரீஸ்_கை:

தம்பி, டிரம் மாற்றுவது தப்பில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால் அதே உதறல் புது டிரம்மோடு வரும். எனக்கு இரண்டு முறை அப்படி வந்திருக்கிறது. இரண்டாவது முறைதான் கோளாறு டிரம்மில் இல்லை, டிரம் உட்காரும் இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பின்பக்கம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் உதறினால் முன்பக்கம், சீட்டு உதறினால் பின்பக்கம் என்பது பெரும்பாலும் சரி, ஆனால் எப்போதும் இல்லை. உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பது அதே பின் ஷூவைத்தான், அதனால் ஒரு நல்ல சோதனை கையிலேயே இருக்கிறது. காய்ந்த, நேரான, முன்னும் பின்னும் யாரும் இல்லாத ரோட்டில் 40 வேகத்தில் போங்கள். ஹேண்ட் பிரேக் லிவரின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, விடவே கூடாது, லிவரை மெதுவாக மேலே இழுங்கள். பல் மாட்டாமல் உங்கள் கையே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், சக்கரம் பூட்டுவது போலத் தெரிந்தால் சட்டென்று விட்டுவிடலாம். அதே உதறல் வந்தால் பின்பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: லிவர் கையில் துடிக்கிறதா, இல்லை லிவர் சும்மா இருந்து வண்டி மட்டும் உதறுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், டிரம்மில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று, டிரம் ஓவல் ஆவது, அதாவது ஒரு திசையில் விட்டம் கூடியும் குறுக்கே குறைந்தும் இருப்பது. சுற்றும்போது குறுகிய இடம் வந்ததும் இரண்டு ஷூவையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும் சேர்ந்து உள்ளே போகும், ஆயில் பின்னுக்கு வந்து பெடலைத் தட்டும், லிவரையும் தட்டும். இரண்டாவது வகையில் டிரம் நல்ல வட்டம்தான், ஆனால் மையம் தள்ளியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு ஷூ உள்ளே போகும், எதிர் ஷூ அதே அளவு வெளியே வரும். சிலிண்டருக்குள் இருக்கும் ஆயிலின் அளவு பெரிதாக மாறாது, அதனால் பெடலில் அவ்வளவாகத் தெரியாது, உடம்பு மட்டும் உதறும். இதை வைத்தே தீர்ப்பு சொல்லிவிட முடியாது, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று காட்டும்.

டிரம்மில் இன்னொரு குணமும் உண்டு. சக்கரம் சுற்றும் திசையில் முன்னால் இருக்கும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பிரேக் பிடிப்பதற்கு அது பெரிய உதவி, ஆனால் டிரம்மில் இருக்கும் சின்னக் கோணலையும் அது பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்கே தெரியாத கால் மில்லிமீட்டர் வித்தியாசம் சீட்டு வரைக்கும் வருவது அதனால்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட்டம் சரியாக இருக்கிறது என்று அளந்து காட்டினார்களே, அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டிரம்மைக் கழற்றி மேசையில் வைத்து நாலு இடத்தில் விட்டம் அளந்தால் ஓவலைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது ஹப்பில், அதாவது டிரம்மும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதியில், எப்படி உட்காருகிறது என்பது மேசையில் தெரியவே தெரியாது. ஹப் முகத்தில் ஒரு பக்கம் 0.2 மில்லிமீட்டர் துருப்பொருக்கு இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். ஹப் முகம் 120 மில்லிமீட்டர் அகலம், ஷூ உரசும் இடம் அதிலிருந்து 50 மில்லிமீட்டர் உள்ளே என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் மையம் 0.08 மில்லிமீட்டர் தள்ளிவிடும், சுற்றும்போது மொத்த ஆட்டம் அதைப்போல இரண்டு மடங்கு. உதறுவதற்கு அது போதும். அதோடு இடது பக்கம் மட்டும்தான் அளந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வலது?

ஒன்று கேட்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து நிறுத்தும் பழக்கம் உண்டா?

பழைய_சாவி:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. இன்று காலையிலேயே சோதித்தேன். பின்பக்கம்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்ததும் அதே தடதடப்பு, லிவரும் உள்ளங்கையில் துடித்தது, நாடித் துடிப்பு மாதிரி.

பழக்கம் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம். நான் தினமும் வண்டி நிறுத்தும் இடம் நல்ல இறக்கத்தின் அடியில் இருக்கிறது. பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கி, நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை கடைசிப் பல் வரை இழுத்துவிட்டு இறங்குவேன். அதனால் டிரம் கெடுமா?

கிரீஸ்_கை:

கெடும். சூட்டில் டிரம் விரிந்திருக்கும். அந்த நிலையில் இரண்டு ஷூவும் எதிரெதிராக வெளியே தள்ளிப் பிடித்திருந்தால், ஆறிச் சுருங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்க முடியாது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, தினமும் நடந்தால் ஓவல் ஆக வாய்ப்பு உண்டு. கடைந்த டிரம் சுவர் மெலிந்தது, சீக்கிரம் சூடேறும், அதற்கு இன்னும் ஆபத்து. இனிமேல் இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். நிறுத்தியதும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, டிரம் ஆறிய பிறகு தேவைப்பட்டால் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

லிவர் துடிக்கிறது என்றால் ஒரு பக்கமாவது ஓவல் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள்.

கழற்றும் முறை: சமதளத்தில் நிறுத்தி முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் கையை விடாதீர்கள், ஸ்டாண்ட் மேல் வண்டி உட்கார்ந்த பிறகுதான் வேலை. சக்கரத்தைக் கழற்றும் முன்னால் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்கில் பிளே இருக்கிறது, அது சரியாகாமல் மற்ற எந்த அளவும் உண்மை சொல்லாது. அப்படியே டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) புஷ்ஷையும் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் சின்ன உதறலைக்கூட வண்டி முழுக்கப் பரப்பிவிடும்.

சக்கரத்தை எடுத்ததும் இரண்டு நட்டைத் திருப்பிப் போட்டு டிரம்மை ஹப்போடு இறுக்கிக்கொள்ளுங்கள். டிரம்மின் உள்விளிம்புக்கும் பேக் பிளேட்டுக்கும் (ஷூக்களைத் தாங்கும், சுற்றாத தகடு) நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி அந்த இடைவெளியை ஒரே இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். கூடிக் குறைந்தால் டிரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நான் மேலே சொன்ன 0.2 மில்லிமீட்டர் துரு, 200 மில்லிமீட்டர் டிரம்மின் விளிம்பில் 0.33 மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ்கூட வேண்டாம். இடைவெளி குறைந்த இடத்தில் டிரம்மிலும், அதற்கு நேராக ஹப்பில் இருக்கும் ஸ்டட்டிலும் (நட்டு மாட்டும் மரைக்கம்பி) சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு டிரம்மைக் கழற்றி, ஒரு ஓட்டை தள்ளி மாட்டி, மறுபடி சுற்றிப் பாருங்கள். குறைந்த இடம் டிரம்மின் கோட்டோடு போனால் கோளாறு டிரம்மில். ஸ்டட் கோட்டோடு நின்றால் ஹப்பில். இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டிரம் வரவில்லை என்றால் சம்மட்டியை எடுக்க வேண்டாம். பேக் பிளேட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருந்தால் அது வழியாக, ஷூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், பெரும்பாலும் எட்டு மில்லிமீட்டர். இரண்டிலும் போல்ட் விட்டு மாறி மாறி இறுக்கினால் தானாகக் கழன்று வரும்.

உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து எடுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசல்_மேசை:

நான் லேத் வேலை செய்பவன். கிரீஸ்_கை சொன்னதோடு எங்கள் பக்கத்தில் நடக்கும் தவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைந்த நானூறு கிலோமீட்டரில் திரும்ப வந்தது என்பது எனக்குப் பழக்கமான கதை.

டிரம்மை லேத்தில் எதை ஆதாரமாக வைத்துப் பிடிக்கிறோம் என்பதுதான் எல்லாமே. வண்டியில் அது உட்காருவது நடு ஓட்டையையும் உள்முகத்தையும் வைத்து. லேத்திலும் அதே இரண்டையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவசரத்தில் வெளிச்சுவரை லேத்தின் பிடிப்பான சக்கில் பிடித்துக் கடைந்தால், வெளிச்சுவர் வார்ப்பு அப்படியே இருக்கும் கரடுமுரடான பகுதி, அதற்கும் நடு ஓட்டைக்கும் மையம் ஒன்றாக இருக்காது. கடைந்த வட்டம் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்கே அளந்தாலும் ஒரே விட்டம் காட்டும், ஆனால் மையம் தள்ளியிருக்கும். உள்முகத்தில் துருவோ பெயிண்டோ ஒட்டியிருக்க அதன் மேல் பிடித்துக் கடைந்தாலும் அதே கதைதான். சில வண்டிகளில் ஹப்பும் டிரம்மும் ஒரே வார்ப்பு, அங்கே பேரிங் கப் உட்காரும் இடத்தை ஆதாரமாக வைத்துப் பிடிக்க வேண்டும்.

போட்ட புதிதில் நன்றாக இருந்ததற்கும் காரணம் உண்டு. கடைந்த டிரம்மின் விட்டம் கூடியிருக்கும், ஷூவின் வளைவு பழைய விட்டத்துக்கானது, அதனால் ஆரம்பத்தில் நடுப்பகுதி மட்டும்தான் தொடும். ஓட ஓட லைனிங் தேய்ந்து முழுப் பரப்பும் ஒட்டும்போதுதான் கோணல் வெளியே வரும்.

அளக்கும்போது இதைப் பாருங்கள் சார்: டிரம்மின் மேல் அதிகபட்ச விட்டம் எண்ணாகவே வார்த்திருக்கும். அது இந்த அளவு வரை கடைந்துகொள்ளலாம் என்பதில்லை, தேய்ந்து தேய்ந்து இதைத் தொட்டால் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். கடைந்த பிறகும் தேய்வதற்குக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விட்டத்துக்குக் கடைய வேண்டும்.

அப்புறம் சக்கர நட்டு. ஏர் கன்னால் ஒரு நட்டை முழு வேகத்தில் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிரம் முகமும் டிஸ்க் முகமும் கோணிக்கொள்ளும். குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எவ்வளவு என்பது உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும், நிறைய சின்ன கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் வரும்.

நாலு_போல்ட்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் வண்டியில் பின்பக்கமும் டிஸ்க். இதே உதறல், பெடலில் நன்றாகத் தெரிகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்கள். அதற்கும் இதே சோதனைதானா? ஏபிஎஸ்ஸும் உண்டு.

கிரீஸ்_கை:

வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம், ஆனால் பெரும்பாலும் டிஸ்க் அப்படியே வளைந்திருக்காது. கொஞ்சம் ஆட்டத்தோடு உட்கார்ந்த டிஸ்க், சுற்றும் ஒவ்வொரு முறையும் பேடை ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து, அந்த இடத்தின் தடிமன் மட்டும் மாறிவிடும். இல்லையென்றால் நல்ல சூட்டில் நின்று பெடலை அழுத்திப் பிடித்தபடி இருந்ததில் பேடின் பொருள் அந்த இடத்தில் அச்சு மாதிரி ஒட்டியிருக்கும். மைக்ரோமீட்டரால் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமன் அளந்து பாருங்கள், 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் காலில் தெரியும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு டயல் கேஜ், பல வண்டிகளில் எல்லை 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஹப் முகத் துரு உங்களுக்கும் பொருந்தும். காலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) சறுக்கும் பின்கள் இறுகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பின்பக்கத்தில் பேடு ஒருபக்கமாகத் தேய்ந்து சூடேறுவதற்கு அதுதான் முக்கிய காரணம்.

ஏபிஎஸ் இருப்பதால் ஒன்று: வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் மட்டும், பத்து கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்தில், பெடல் கரகரவென்று அதிர்ந்தால் அது டிஸ்க் இல்லை. சென்சார் படிக்கும் பல் வளையம் துருவேறி வெடித்திருக்கலாம், ஏபிஎஸ் தப்பாக வேலை செய்கிறது. சோதிக்க நினைத்தால் அதன் ஃபியூஸை எடுத்துவிட்டுக் காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், முடித்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் சோதனை எல்லா டிஸ்க் வண்டிக்கும் ஒத்து வராது. சிலவற்றில் டிஸ்க்கின் நடுக் குடத்துக்குள் தனியாகச் சின்ன டிரம் இருக்கும், ஹேண்ட் பிரேக் அதைத்தான் பிடிக்கும். லிவருக்குப் பதில் பட்டனால் போடும் ஹேண்ட் பிரேக் என்றால் ஓடும்போது கைவைக்கவே வேண்டாம்.

பழைய_சாவி:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போயிற்று. கண்டதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் இடது பக்கம். பேரிங்கில் ஆட்டம் இல்லை. டிரம்மை இறுக்கிச் சுற்றி ஃபீலர் கேஜ் விட்டேன், ஒரு இடத்தில் 1.2, அதற்கு நேர் எதிரே 0.9. கோடு போட்டு ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன். குறைந்த இடம் ஸ்டட் கோட்டிலேயே நின்றது, டிரம்மோடு போகவில்லை. நாலு ஓட்டையிலும் மாட்டிப் பார்த்தேன், நாலு முறையும் அங்கேயேதான். கழற்றி ஹப் முகத்தை விரலால் தடவினால், இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்குத் துரு அப்பளம் மாதிரி உப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் டிரம் பளபளவென்று அழுத்தின தடமும் தெரிந்தது. ஸ்டட்டின் அடியைச் சுற்றிலும் ஒரு வளையமாகத் துரு. ஷூ மாற்றியபோது இதை யாரும் தொடவே இல்லை. தட்டை உளியால் மெதுவாகச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கடைசியில் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்தேன். டிரம்மின் உள்முகத்திலும் அப்படியே. திரும்ப மாட்டி அளந்தால் சுற்றிலும் 1.05 பக்கத்திலேயே நிற்கிறது. மேசையில் வைத்து அளந்தபோது விட்டமும் நாலு இடத்திலும் ஒன்று. அவர்கள் அளந்தது பொய் இல்லை என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் முழுசாக விளங்கியது.

வலது பக்கம் வேறு கதை. துரு கொஞ்சம்தான், இடைவெளி மாறவில்லை. ஆனால் விட்டம் ஒரு திசையில் 201.3, குறுக்கே 201.0. டிரம்மில் வார்த்திருக்கும் எல்லை 201. ஏற்கெனவே எல்லை தாண்டியதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே நீலம் பாய்ந்த மாதிரி நாலைந்து திட்டு, விரல் நகத்தால் கீறினாலும் மற்ற இடத்தைவிட அங்கே கெட்டியாக வழுக்குகிறது.

இன்னொன்று, கேட்காமலே கிடைத்தது. வலது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒதுக்கியதும் உள்ளிருந்து ஒரு சொட்டு ஆயில் வழிந்தது. ஷூ வரை இன்னும் வரவில்லை.

கிரீஸ்_கை:

நீலத் திட்டு என்றால் அந்த இடம் அதிகச் சூட்டில் இறுகிக் கெட்டியாகிவிட்டது. கடைந்தாலும் மற்ற இடம் தேயும், அது தேயாது, மறுபடி மேடாகி நிற்கும். அந்த டிரம்மைக் கடையக் கொடுக்காதீர்கள், எல்லையும் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் புது டிரம் போடுங்கள், நேர்_கோடு சொன்னது இந்த இடத்தில் சரிதான். இடது ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் போட்டிருந்தால் மட்டும் திரும்ப வந்திருப்பீர்கள்.

வீல் சிலிண்டர் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். உறைக்குள் ஈரம் தெரிந்தால் சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுக்கும் கப் வாஷர் போய்விட்டது, எண்ணெய் ஷூவைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் சட்டென்று பிடிக்க ஆரம்பிக்கும், ஷூவும் வீண். மாற்றினால் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டும், அதோடு சேர்த்துப் பழைய பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றிவிடுங்கள். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது. பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

ஷூவை எடுத்திருக்கும்போது பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உரசும் மேடுகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ஷூவுக்கு மூன்று இருக்கும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கிச் சிக்கி நகரும், அதுவே ஒரு தட்டலாகத் தெரியும். சூடு தாங்கும் கிரீஸ் அங்கே மட்டும் ஒரு பொட்டு போதும். அட்ஜஸ்டர் இடதும் வலதும் வேறு, மரை எதிரெதிர், மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கப் பிடிக்க இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கத்தை முடித்த பிறகு அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று முழுசாக இருக்கும். ஸ்பிரிங் செட்டும் புதுசாகப் போடுவது நல்லது, பழைய ஸ்பிரிங் இழுவை விட்டிருக்கும்.

கடைசல்_மேசை:

புது டிரம்மின் உள்ளே துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனரால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைத்த பிறகு மாட்டுங்கள். புதுசு என்று நம்பிவிடாமல் அதையும் இடைவெளி வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

பழைய_சாவி:

எல்லாம் போட்டாயிற்று. டிரம் இரண்டு, ஷூ செட், வீல் சிலிண்டர் இரண்டு, ஸ்பிரிங் செட், பிரேக் ஆயில் முழுக்கப் புதுசு. புது டிரம்மோடு இடைவெளி அளந்ததில் இரண்டு பக்கமும் 0.05-க்குமேல் மாறவில்லை. நட்டை டார்க் ரெஞ்சால் குறுக்காக மூன்று சுற்றில் இறுக்கினேன்.

முதல் நாள் காலியான ரோட்டில் 60-லிருந்து 20 வரை நிதானமாக மிதித்து, முழுக்க நிறுத்தாமல் விட்டு, ஒரு நிமிஷம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி மிதித்து, இப்படிப் பதினைந்து முறை செய்தேன். எட்டாவது முறைக்கு மேல் பிடிப்பு கூடுவது காலிலேயே தெரிந்தது. இப்போது 650 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 70-ல் மிதித்தால் சீட்டில் ஒன்றும் இல்லை, பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஹேண்ட் பிரேக் சோதனையிலும் லிவர் அசையவில்லை. போன முறை நானூறில் திரும்பியது என்பதால் இந்த 650-ஐப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இறக்கத்தில் இப்போது இரண்டாவது கியர்தான், நிறுத்தியதும் கட்டை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஹேண்ட் பிரேக் லிவர் முன்பு ஐந்தாவது பல்லில் பிடித்தது, இப்போது எட்டாவது பல் வரை வருகிறது. கேபிளை இறுக்கலாமா?

கிரீஸ்_கை:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. கேபிளை இப்போது தொடாதீர்கள். புது ஷூ இன்னும் படிந்துகொண்டிருக்கிறது, அட்ஜஸ்டர் தானாக வெளியே வர வேண்டும். காலி இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஓட்டி பிரேக் பிடியுங்கள், பல வண்டிகளில் ரிவர்ஸில் பிடிக்கும்போதோ ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதோதான் அது ஒரு பல் நகரும், உங்களுடையது எந்த வகை என்று புத்தகத்தில் பாருங்கள். ஷூ இடைவெளி சரியாவதற்கு முன்னால் கேபிளை இறுக்கினால் ஷூ எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும், மறுபடி முதலிலிருந்து. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் எட்டிலேயே நின்றால் பின்பக்கத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக அட்ஜஸ்டரை லேசாக உரசும்வரை திருப்பி, உரசல் விடும் அளவுக்குத் தளர்த்துங்கள். அதற்குப் பிறகும் தளர்வாக இருந்தால் கேபிள்.

சக்கர நட்டை ஒருமுறை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தீர்களா?

பழைய_சாவி:

பார்த்தேன் அண்ணா, நூறு கிலோமீட்டரிலேயே. இடது பக்கம் ஒரு நட்டு மட்டும் கொஞ்சம் திரும்பியது, மற்றவை அசையவில்லை. நேற்று மறுபடி வைத்தேன், எட்டும் அப்படியே நின்றன. அட்ஜஸ்டரை இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.